கை பொறுக்கும் சூடு

நொச்சியிலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கும்போது முதலில் எழுவது மழையில் நனைந்த வேலியின் பச்சை வாசனை. கூடவே நறுக்கிப்போட்ட எலுமிச்சையின் தோல் கருகத் தொடங்கியதும் அது தொண்டையைப் பிடிக்கிற ஒரு நெடியாக மாறி, ஓட்டின் இடுக்குகள் வழியாக வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டின் மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் சோறு வேகும் வாசனையைவிட இந்த நெடிதான் அதிகம். என் சீருடையில், பாடப்புத்தகத்தில், பின்னிய தலைமுடியில்கூட அது ஏறியிருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உனக்க வீட்டுல வைத்தியசாலையா நடக்குது?" என்று கேட்பாள். நான் கோபப்படமாட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவின் கால் குணமாகிக்கொண்டிருந்தது; அதன் வாசனை அது என்று நான் நம்பியிருந்தேன்.

எங்கள் வீடு கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பாசனக் கால்வாயின் கரையில் இருந்தது. அந்தக் கால்வாயை நாங்கள் "சானல்" என்போம். கரையில் குடியிருந்த எல்லோருக்கும் சானல்கரைக்காரர்கள் என்றே பெயர். அப்பா செல்லப்பன் பாறசாலைச் சந்தையில் சுமைதூக்கினார். லாரியில் வந்து இறங்கும் ஏத்தன்வாழைக் குலைகளைத் தலையில் ஏற்றிக் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் அதை "அண்டியாபீஸ்" என்பார்கள். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். இரண்டு பேரின் வம்சத்திலும் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது இன்றும் என் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை நான் வாசித்துச் சொன்னால், அப்பா பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம், "எனக்க பிள்ளையாக்கும்" என்பார், அவர் கேட்காமலே.

அப்பாவின் கால்வலி எப்போது தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. சுமைதூக்குகிறவருக்குக் கால் வலிப்பதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. மாம்பழக் காலத்தில்தான் அவர் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். உள்ளங்காலில் மிளகாயை அரைத்துப் பூசினதுபோல எரிகிறது என்றார். சந்தையிலிருந்து வந்ததும் கஞ்சியைக்கூடத் தொடாமல் நேரே சானல் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வார். சிறு மீன்கள் கூட்டமாக வந்து அவர் விரல்களைக் கொத்தும். அவர் கூச்சத்தில் நெளிந்து, "கொத்தட்டு மக்கா, எரிச்சலுக்கு இது கொள்ளாம்" என்று சிரிப்பார். "கொள்ளாம்" என்றால் எங்கள் பேச்சில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி காய்ச்சலுக்கும் பிரசவத்துக்குமான இடம். கால்வலிக்கு இலை உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு இலையின் பெயரோடு வந்தார்கள். ஒருத்தி வேலியோரத்து வாதங்கொல்லியை ஒடித்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி புளியிலையை வேகவைத்த தண்ணீரில் காலை முக்கி வைக்கச் சொன்னாள். மூன்றாமவள் முடக்கத்தானை மாவோடு அரைத்துத் தோசையாக ஊற்றிக் கொடுத்தால் மூட்டுக்குள் இருப்பதெல்லாம் இளகி இறங்கிவிடும் என்றாள். இலைகளைப் பறித்துவருவது என் வேலை. எருக்கின் பால் கண்ணில் தெறிக்காமல் எப்படி ஒடிப்பது, நொச்சியில் கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய இலையாக எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பெருக்கல் வாய்ப்பாட்டோடு சேர்ந்தே எனக்கு மனப்பாடமாயிற்று.

சந்தையில் அப்பாவோடு சுமைதூக்கிய பொன்னுமணி மாமாவுக்கு எந்த நோய்க்கும் ஒரு மருந்து கைவசம் இருக்கும். ஒருநாள் அவர் எங்கள் முற்றத்தில் குந்தியிருந்து அப்பாவின் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஓய் செல்லப்பா, இது வாதமாக்கும். செங்கல்ல சுட வச்சு, அதுக்க மேல எருக்கிலைய விரிச்சு மிதியும். எனக்க அப்பன் நடக்க வய்யாம கிடந்தவரு. மிதிச்சு மிதிச்சு எழும்பிட்டாரு" என்றார்.

"எழும்பி எங்க போனாரு?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"சுடுகாட்டுக்குத்தான். அது வேற நோவுல."

அப்பா சிரித்தார். ஆனால் அன்றைக்கே செங்கல்லும் சூடாயிற்று.

கடைசியில் அம்மா ஒரே மருந்தில் நிலைத்தாள். அதுதான் கிழி. நொச்சி, எருக்கு, ஆமணக்கு, முருங்கை, புளி ஆகியவற்றின் இலைகளை அரிந்து, தேங்காய்த்துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கி, பழைய வேட்டித்துணியில் இரண்டு மூட்டைகளாக இறுக்கிக் கட்டுவாள். ஒரு மூட்டை அடுப்பிலுள்ள இரும்புச்சட்டியில் சூடாகிக்கொண்டிருக்கும்போது மற்றதை அப்பாவின் முழங்காலிலிருந்து பாதம்வரை ஒற்றி ஒற்றி இறக்குவாள். சூடு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதற்குச் சானல்கரையில் எல்லா வீட்டிலும் ஒரே அளவுதான். சட்டியிலிருந்து எடுத்த மூட்டையை, ஒற்றுகிறவள் முதலில் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கவேண்டும். கை பொறுத்தால் கால் பொறுக்கும். "கை பொறுக்குற சூடு" என்றுதான் மருந்து சொல்கிறவர்கள் எல்லோரும் முடிப்பார்கள்.

அம்மாவின் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வறுத்த முந்திரிக்கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கும்போது தோட்டிலிருந்து கறுத்த எண்ணெய் தெறிக்கும். அது பட்ட இடம் வெந்து, உரிந்து, மறுபடி வளரும். வளர்ந்தது மறுபடி வேகும். நான் பிறப்பதற்கு முன்பே அண்டியாபீஸுக்குப் போகத் தொடங்கிய அம்மாவுக்கு உள்ளங்கை என்பது கறுத்துத் தடித்த ஒரு பட்டையாக இருந்தது. அடுப்பிலிருந்து கனலைக் கையால் எடுத்து மறுபக்கம் வைப்பாள். கொதிக்கும் சோற்றுப்பானையைத் துணியில்லாமல் இறக்குவாள். எனக்கு அது ஒரு வித்தைபோல இருந்தது. என் தோழிகளை அழைத்துவந்து அதைக் காட்டியிருக்கிறேன்.

ஆடி மாதத்தை நாங்கள் மலையாள வழக்கப்படி கர்க்கடகம் என்போம். மருந்துக்கு அதுதான் மாதம். அப்போது தின்றதும் பூசியதும் உடம்பில் ஊறும் என்பார்கள். மழை விடாமல் பெய்த அந்த மாதத்தின் ஒரு காலையில் அப்பா முற்றத்தில் இறங்கி, ஈரத்தரையை வலதுகாலால் ஓங்கி மிதித்தார். பிறகு இடதுகாலால் மிதித்தார்.

"எடி, எரிச்சல் இல்ல."

"குறைஞ்சிருக்கா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"குறைஞ்சது இல்ல பிள்ளே. துடைச்சு எடுத்தது மாதிரி போயிட்டு."

அம்மா கையில் இருந்த அகப்பையோடு முற்றத்துக்கு ஓடிவந்தாள். அன்று மரச்சீனிக்கிழங்கும் மத்திமீன் குழம்பும் செய்தாள். செய்தி சானல்கரை முழுவதும் பரவிற்று. முழங்கால் வலிக்காரர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் எங்கள் வேலியருகே வந்து நின்று, என்னென்ன இலை, எவ்வளவு எண்ணெய் என்று கேட்டுப் போனார்கள். அம்மா சொல்லி முடிக்கும்போது அந்த அளவையும் மறக்காமல் சொல்வாள். தன் கறுத்த கையை நீட்டிக் காட்டியே சொல்வாள்.

அந்த நாட்களில் நான் கண்ட சில காரியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை. அப்பா, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது, பஞ்சில் நடக்கிற சுகம் என்று எல்லோரிடமும் சொன்னார். அதைக் கேட்டவர்கள் மருந்தைப் பாராட்டினார்கள். பழக்கத்தால் ஒரு மாலை சானல் படிக்கட்டில் காலை நனைத்துக்கொண்டு அவர் பொன்னுமணி மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். மீன்கள் வந்து கொத்தின. விரல்கள் அசையவில்லை. மீன்கள் ஒரு கல்லைக் கொத்துவதுபோல வெகுநேரம் கொத்திக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் பின்னால், அப்பா சிறுநீருக்கு ஒதுங்கும் தென்னைமூட்டில் எறும்புகள் கறுப்பாக மொய்த்தன. அம்மா சாம்பலை அள்ளிப் போட்டாள், மறுநாள் சாம்பலின்மேல் மொய்த்தன.

ஒருநாள் மழையில் நனைந்து வந்த அப்பாவின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கூடவே வந்த பொன்னுமணி மாமா வாசலில் வைத்துத்தான் அதைக் கண்டார்.

"ஓய், மற்ற செருப்ப யாருக்கு தானம் பண்ணினீரு?"

"வழியில யாராவது கேட்டிருப்பாவ," என்றாள் அம்மா. "குடுத்திருப்பாரு."

எல்லோரும் சிரித்தோம். அப்பா குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தார். சந்தையிலிருந்து சரளைக்கல் பாதையில் வெறுங்காலாக வந்திருக்கிறார். அது அவருக்குத் தெரியவில்லை. அவர் சிரிப்பு ஒரு நொடி பிந்தி வந்தது. "சேறு இழுத்திருக்கும்" என்றார். பிறகு வாளித் தண்ணீரில் காலைக் கழுவினார், அது யாருடையதோ என்பதுபோல.

வலி போன பிறகும் கிழியை நிறுத்தக்கூடாது, கர்க்கடகம் முடியும்வரை செய்யவேண்டும், இல்லாவிட்டால் வாதம் திரும்பிவரும் என்பது எல்லோருடைய அபிப்பிராயம். மாதக் கடைசியில் ஒரு மாலை, அப்பா குளிர்ந்து விறைத்த கால்களோடு வந்து பாயில் உட்கார்ந்தார். அம்மா அன்றைக்கு இலையோடு ஒரு பிடி கல்லுப்பும் சேர்த்திருந்தாள்; உப்பு சூட்டைப் பிடித்துவைக்கும்.

"சூடு ஏறல்ல பிள்ளே," என்றார் அப்பா.

அம்மா மூட்டையை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. மழையாக்கும், சட்டி சூடாவ மாட்டேங்குது." மறுபடியும் சட்டியில் வைத்தாள். விறகைத் தள்ளினாள். துணியின் அடிப்பக்கம் பழுப்பாகும்வரை வைத்தாள்.

அடுப்பிலிருந்து மூட்டைகளை எடுத்துத் தருவது என் வேலை. கட்டியிருக்கும் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். ஆடிய மூட்டை என் மணிக்கட்டில் பட்டது. நான் கத்திவிட்டேன். "அம்மா, இது பொள்ளுது. வைக்காதே!"

அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து ஊதினாள். ஊதிவிட்டுச் சிரித்தாள். "பேனா பிடிக்கிற கையாக்கும். இதுக்கு வெயிலு பட்டாலும் சுடும்."

"எனக்க மகளுக்க கையி வெண்ணெயாக்கும்," என்றார் அப்பா.

"அப்படியே இருக்கட்டு. அண்டி உடைக்கிற கை ஆவாண்டாம்."

சொல்லிக்கொண்டே அவள் மூட்டையைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கை பொறுத்தது. அப்பாவின் வலது பாதத்தில் வைத்து அழுத்தினாள். "இப்பம்?" என்று கேட்டாள். "இப்பம் கொஞ்சம் தெரியுது, அழுத்திப் பிடி" என்றார். என் கை மென்மையானது என்பதில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மணிக்கட்டை வாயில் வைத்துக்கொண்டு, அந்த மூட்டை பாதத்தின்மேல் வெகுநேரம் அசையாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நொச்சியின் நெடிக்கு அடியிலிருந்து, மயிர் கருகுவதுபோன்ற ஒரு நாற்றம் மெல்ல எழுந்தது. எண்ணெய் அடிப்பிடித்திருக்கும் என்று அம்மா சட்டியைப் போய்ப் பார்த்தாள்.

காலையில் பாதத்தின் மேற்புறமும் விரலடியும் கொப்புளம் பொங்கி, தோல் கண்ணாடிபோலப் பளபளத்தது. அம்மா பயந்தாள். பொன்னுமணி மாமா வந்து பார்த்து, "கெட்ட நீரு வெளிய வருதாக்கும். உள்ள கிடந்தாதான் கேடு" என்று தைரியம் சொன்னார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு அப்பா, கொஞ்சமும் இல்லை என்றார். வலியில்லாத புண்ணை யார்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசித் துணியால் சுற்றிக்கொண்டு அவர் சந்தைக்குப் போனார்.

அது ஓணம் நெருங்கும் நேரம். உப்பேரி என்னும் வாழைக்காய் வறுவலுக்கு ஏத்தன்குலைகள் லாரி லாரியாக வந்து இறங்கும். ஆண்டில் மற்ற மாதங்களில் கிடைக்காத கூலி அந்தச் சில வாரங்களில் கிடைக்கும். அப்பா ஒருநாளும் நிற்கவில்லை. தலையில் குலையும் காலில் ஈரத்துணியுமாக, சந்தைச் சேற்றில், அந்தப் புண்ணின்மேல் நடந்தார். எரிந்திருந்தால் நின்றிருப்பார். நொந்திருந்தால் உட்கார்ந்திருப்பார். அவரை நிறுத்தக்கூடியது எதுவும் அந்தக் காலில் இல்லை. நாங்கள் பிள்ளைகள் முற்றங்களில் பூக்கோலம் போட்டுக்கொண்டிருந்த காலையில் அவர் துணியை அவிழ்த்தார். சுண்டுவிரல் கறுத்திருந்தது. வீட்டில் அதுவரை இருந்த இலைநெடியை முழுவதுமாக மூடிக்கொண்டு இன்னொரு நாற்றம் வந்தது. அம்மா கதவைத் திறந்துவைத்தாள். பிறகு அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக்கூடாதென்று சாத்தினாள்.

குளிர்காய்ச்சலில் அப்பா பிதற்றத் தொடங்கிய அன்று பொன்னுமணி மாமா அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். நெய்யாற்றின்கரையில் பார்த்தவர்கள் திருவனந்தபுரத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஓர் இளம்பெண் டாக்டர் அப்பாவைக் கண்களை மூடச் சொல்லிவிட்டு, ஊசிமுனையால் பாதத்தில் அங்கங்கே குத்தினார். அப்பா காத்திருந்தார். கொஞ்சநேரம் கழித்து, "தொடங்கலாம் டாக்டரே" என்றார். ரத்தப்புள்ளிகள் வரிசையாக நின்றன.

டாக்டர் அம்மாவிடம் மலையாளத்தில், கிழி எவ்வளவு சூடாக இருந்தது என்று கேட்டார். அம்மா தயங்கவே இல்லை. "கை பொறுக்குற சூடுதான் டாக்டரே. எனக்க கையில வச்சுப் பாத்துட்டாக்கும் வச்சேன்."

டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினார். அந்தக் கறுத்த பட்டையைப் பார்த்தார். தன் நகத்தை அதில் ஆழமாக அழுத்தி, "அறியுந்நுண்டோ?" என்று, தெரிகிறதா என்று கேட்டார்.

"என்னத்த?" என்றாள் அம்மா.

டாக்டர் அம்மாவின் கையை மெதுவாக அவள் மடியிலேயே திரும்ப வைத்தார். அந்தக் கைக்குச் சூடே தெரிந்திருக்காது என்பது எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் விளங்கியதை அவள் முகத்தில் கண்டேன். ரத்தம் சோதித்துவிட்டுச் சொன்னார்கள்: சர்க்கரை நோய் நெடுநாளாக அப்பாவின் உடம்பில் இருந்திருக்கிறது. அந்த எரிச்சல், நரம்புகள் சாகத் தொடங்கியபோது போட்ட கூச்சல். கர்க்கடகத்தில் எரிச்சல் நின்ற அன்று நாங்கள் மத்திமீன் வாங்கிக் கொண்டாடியது அவை செத்து முடிந்ததை.

"அப்பம் எனக்க வேதனை போனது மருந்தால இல்லியா?" என்று அப்பா கேட்டார். அதைத்தான் முதலில் கேட்டார். காலை எடுப்பார்களா என்று பிறகுதான் கேட்டார்.

வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பின் அம்மா யார் கண்ணிலும் படாமல் கைகளைச் சேலைமுந்தியில் சுருட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். அந்தக் கைகளால்தான் அவள் எங்களுக்குச் சோறு போட்டாள், என்னைப் படிக்கவைத்தாள். தனுவச்சபுரத்துக் கல்லூரியில் நான் தாவரவியல் எடுத்தபோது, இலைகளோடு எனக்கு ஏதோ பகை என்று வீட்டில் நினைத்தார்கள். பகை ஒன்றுமில்லை. நொச்சிக்கு வீக்கத்தை வாட்டும் குணம் உண்டு. புளியிலைத் தண்ணீரில் அலுத்த கால் ஆறும். அதையெல்லாம் இன்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் எந்தப் பிள்ளையாவது எழுந்து, டீச்சர், எங்கள் வீட்டில் இன்ன இலை கட்டி இன்னாருக்குக் கால்வலி சட்டென்று போய்விட்டது என்று சொன்னால், என் கையிலுள்ள சாக்கட்டி நின்றுவிடுகிறது. அவர் ரத்தம் சோதித்தாரா என்று கேட்கிறேன். உடனே போகச் சொல்கிறேன். பிள்ளைகள் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள்.

சானலின் கரைகளில் இப்போது சிமெண்ட் பூசிவிட்டார்கள். எருக்கும் வாதங்கொல்லியும் நின்ற இடம் தெரியவில்லை. கிழி வேண்டுமென்பவர்கள் மருந்துக்கடையில் கட்டித் தைத்த மூட்டையாகவே வாங்குகிறார்கள். அண்டியாபீஸ் மூடிக்கிடக்கிறது. அம்மாவின் கைகளிலிருந்து அந்தக் கறுத்த தோல் ஆண்டாண்டாக உரிந்து போயிற்று. இப்போது ரேகைகள் தெரிகின்றன, சூடான டம்ளரைத் தொட்டால் பதறிக் கையை உதறுகிறாள்.

அப்பா சந்திப்பில் லாட்டரிச் சீட்டு விற்கிறார். மதியம் வீட்டுக்கு வந்து பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் படுப்பார். சில மதியங்களில், "எரியுது" என்பார். எடுத்துப்போன பாதம்தான் எரிகிறது, அதே மிளகாய் எரிச்சல். இல்லாத உறுப்பு அப்படி நோவது உண்டு என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள், மாத்திரையும் உண்டு. அம்மா மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்காருவாள். வெறும் பாயின்மேல் கையை வைப்பாள்.

"இஞ்சயா?"

"இல்ல. கொஞ்சம் தாழ."

"இஞ்ச?"

"ஆங். பைய."

பாயின் அந்த இடத்தை அவள் தடவிக்கொண்டே இருப்பாள். கொஞ்சநேரத்தில் அப்பாவின் நெற்றி தளரும். "இப்பம் எரிச்சல் இல்ல. கொள்ளாம்" என்பார். அதைக் கேட்டதும் அம்மாவும் நானும் குனிந்து, மிச்சமிருக்கும் காலைப் புரட்டிப் பார்க்கத் தொடங்குவோம்.